பள்ளத்துக்கு நீ போட்ட பூஜ்யம்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடம்பை விசாரித்தாயிற்று. மனசை நீ விசாரிக்க வேண்டாம், அது கொதித்துக்கொண்டிருக்கிறது, காரணம் நீதான். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படி.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு இருக்காது. அத்தைக்கு முட்டி அறுவை நல்லபடியாக முடிந்து, பக்கத்துத் தெருவரை நடந்துபோய் வம்பு பேசிவிட்டு வருமளவுக்குத் தேறிவிட்டாள். உன் அறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்ததே, அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசியாயிற்று. என் கணுக்காலும் சரியாகிவிட்டது, படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் முனகுகிறது. போன வாரம் நகராட்சி அலுவலகத்தில் தண்ணீர் பம்பு நின்றுபோய் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மோட்டாரை ஓட வைத்துவிட்டுக் கை கழுவப் போனவர், நடைவழியில் பொதுமக்கள் பார்வைக்கு என்று ஒரு அறிக்கையைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி அங்கே கிடங்கு கட்டப் போகிறார்களாம், அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கை. உயிரினங்கள் பகுதியைத் தயாரித்தவர் என்று உன் பெயர். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஈரக் கையோடு அதைப் போனில் படம் பிடித்து, முடிவெட்டும் கடையில் காட்டி, மருந்துக் கடையில் காட்டி, எதிரே வந்த பேருந்து நடத்துநரிடமும் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். "நம்ம பொண்ணு பேரை எவ்ளோ பெருசா போட்டிருக்காங்க பாரு" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே இருந்த வரிகளைப் பார்த்தேன். கோடை, மழை என இரு பருவங்களிலும் ஆய்வு செய்யப்பட்டது. மழைக்காலத்தில் பள்ளத்தில் காணப்பட்ட தவளை இனங்கள் பூஜ்யம். ஆகவே இந்த இடம் தவளைகளின் வாழிடம் அல்ல.

வாலு, அந்தத் தவளைக் கணக்கு என் அட்டவணையிலிருந்து எடுத்தது. சும்மா ஒரு மாதிரிக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினாய். சரிபார்த்து முடிக்காததை வேறு யார் கேட்டிருந்தாலும் கண்ணில் காட்டியிருக்க மாட்டேன், பெற்ற பெண் என்று அனுப்பினேன். அதில் பள்ளத்துக்கு நேரே மழை மாதங்களின் கட்டங்கள் எல்லாவற்றிலும் நான் போட்டிருந்தது கோடு. அத்தனை கோட்டையும் நீ பூஜ்யமாக்கியிருக்கிறாய். கல்லூரியில் விலங்கியல் படிக்க வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது என்ன? போய்ப் பார்த்து, இல்லையென்றால் பூஜ்யம் போடு. போகவில்லை, பார்க்கவில்லை என்றால் கோடு போடு. இது உனக்கு வகுப்பில் வந்த பாடம் இல்லை, நம் வீட்டுப் பேச்சு. டப்பாவில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் நாற்காலியை விட்டு அசையாமல் "கோடும்மா" என்பாய். வாசல் கதவைப் பூட்டினீர்களா என்றால் அப்பா போர்வைக்குள்ளிருந்து கோடு என்பார். கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாய் என்றதற்கும் ஒரு தடவை கோடு என்றாய், விடைத்தாள் வந்தபோது அது பூஜ்யத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்தது. உலகத்தில் வேறு யாருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போனாலும் உனக்குத் தெரியாமல் போகாது. கோட்டை விட்டுவிட்டாய் வாலு, இரண்டு அர்த்தத்திலும்.

ஏன் கோடு என்பதும் உனக்குத் தெரியும். மழை பிடித்த புதிதில் அந்தப் பள்ளத்தின் கரையில்தான் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டோடு மழைக்காலம் முழுக்க ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தேன். என் மாணவிகள் ஓடைக்குப் போனார்கள், காய்கறித் தோட்டங்களுக்குப் போனார்கள், பள்ளத்துக்கு மட்டும் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை, இடுப்பளவு சேறு. ஆனால் படுத்திருந்த இடத்திலிருந்து பள்ளம் கூப்பிடு தூரம்தானே. பொழுது சாய்ந்தால் பேருந்துச் சத்தத்தையே அமுக்கிவிட்டு அங்கிருந்து ஒரு இரைச்சல் கிளம்பும், குண்டுத் தவளைகள் அடித்தொண்டையில் உறுமும், மரத்தவளைகள் நாக்கைச் சொடுக்குகிற மாதிரி நடுநடுவே புகுந்துகொள்ளும். காதால் கேட்டதைக் கண்ணால் பார்த்த கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கோடு போட்டேன். அந்த நாட்களில் நீ தினமும் போன் செய்து என் காலை விசாரித்தாய், அதை மறக்கவில்லை. ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போதே "என்னம்மா, அப்பா வீட்டுக்குள்ள மோட்டார் ஓட்டுறாரா?" என்று கேட்டாய். "மோட்டார் இல்லடி, பள்ளத்துத் தவளைங்க" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம், இன்னும் கொஞ்சம் கேட்கணும் என்று போனை ஜன்னல் பக்கம் நீட்டச் சொன்னாய், கை வலிக்க வலிக்க நீட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை தூரத்தில் உட்கார்ந்து உன் காதாலேயே கேட்ட தவளைகளுக்குத்தான் நீ பூஜ்யம் போட்டிருக்கிறாய்.

இதோடு விட்டாயா? இங்குள்ள தவளைகளின் முக்கிய உணவு எறும்பு, எறும்பு எங்கும் கிடைக்கும், எனவே அவை வேறு இடத்தில் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு வரி வேறு எழுதியிருக்கிறாய். அது கோடைக் கணக்கு. எடுத்ததும் எடுத்தாய், பாதியை எடுத்தாய். சிறு குழாயால் வாய்க்குள் தண்ணீர் செலுத்தித் தவளையைக் கக்க வைத்து, கக்கியதை உருப்பெருக்கியில் ஒவ்வொரு பூச்சிக் காலாகப் பிரித்துப் பார்த்து, என்ன தின்றது என்று எழுதிக்கொண்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறோம். அப்போது அது என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, சின்ன வயசில் கசப்பு மருந்து கொடுத்தால் நீ பார்ப்பாயே, அதே பார்வை. அத்தனை பாவத்தையும் கட்டிக்கொண்டு நான் தெரிந்துகொண்டது என்ன? கோடையில் பாதித் தவளைக்கு வயிற்றில் ஒன்றுமே இல்லை, மீதிக்கு எறும்பு. அதே தவளை மழை விழுந்ததும் ஈசல், வண்டு, வெட்டுக்கிளி, கம்பளிப்பூச்சி என்று வாய் கொள்ளாமல் தின்கிறது. ஓடைக்கரைத் தவளைக்குச் சிலந்தியும் நீர்ப்பூச்சியும், தோட்டத்துச் சொறித்தவளைக்கு மரவட்டையும் வண்டும், ஒரே ஊரில் ஒன்றின் சாப்பாடு இன்னொன்றுக்கு இல்லை, ஒரே தவளைக்கு இந்த மாதச் சாப்பாடு அடுத்த மாதம் இல்லை. விடுதியில் இருந்தபோது மாதக் கடைசியில் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன் என்று அழுதாயே, அன்றைக்கு ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இவளுக்குக் காய்ந்த ரொட்டி போதும், எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிழைத்துக்கொள்வாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? எறும்பு விருப்பம் இல்லை வாலு, பஞ்சம்.

அது இருக்கட்டும், கோடையில் பள்ளத்தில் தவளை ஏன் குறைவு என்பதையாவது யோசித்தாயா? குழாய் கசியும் ஓரத்தில் சில சொறித்தவளைகள்தான் எனக்கும் கிடைத்தன. மற்றவை ஊரைக் காலி செய்துவிட்டா போயின? காய்ந்த தரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குழாயைச் சரிபண்ண அப்பா தோண்டியபோது ஒரு மண்கட்டி உருண்டு வந்தது. இங்கே யார் உருளைக்கிழங்கு போட்டது என்று கையில் எடுத்தார், உருளைக்கிழங்கு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவர் உள்ளங்கையில் சிறுநீர் கழித்தது. அன்றிலிருந்து குண்டுத் தவளைக்கு நம் வீட்டில் கிழங்கு என்று பெயர். அந்தக் கிழங்குகள் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன, மழைச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு. மழைக்கு முன்னால் மண் கொட்டிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். லாரி லாரியாகக் கொட்டி உருளை ஏற்றி இறுக்கிவிட்டால் எந்த மழை பெய்தும் அவை மேலே வரப்போவதில்லை. உயிரோடு புதைப்பது என்று இதற்குப் பெயர், வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. இந்த விஷயத்தை அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். போனில் இருந்த படத்தை மறுபடி பார்த்தார், பட்டறைக்குப் போய் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது முடிவெட்டும் கடை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முந்தாநாள் போனில் இதைக் கேட்டபோது நீ ஒரு காரணம் சொன்னாய். உங்கள் கம்பெனி மென்பொருள் கோட்டை எடுத்துக்கொள்ளாது, எண்தான் கேட்கும், அதுவே பூஜ்யம் போட்டுக்கொள்ளும் என்றாய். நல்ல மென்பொருள், அதைத் தூக்கிக் குப்பையில் போடு. ஆனால் கையெழுத்து அது போடவில்லை, நீ போட்டாய். இரண்டு நாளாக நான் மறுபடி மறுபடி நினைத்து உழலுவது ஒன்றே ஒன்றுதான். கோடுகள் பூஜ்யமாக மாறி நின்றதை நீ பார்த்தாயா, பார்த்தும் மேலாளர் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டாயா, இல்லை பார்க்கவே இல்லையா? பார்க்கவில்லை என்றால் உன்னைத் திட்டுவேன், கண்ணைத் திறந்து வேலை செய் என்று ஒரு மாதம் திட்டுவேன், அதோடு தீர்ந்தது. பார்த்தாய் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வருகிற வாரம் நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் போகிறேன். எழுந்து நின்று இந்த அறிக்கையில் பள்ளத்தின் மழைக்கால எண்கள் பொய் என்று சொல்வேன். நீங்கள் யார், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அட்டவணை எழுதியவள் என்று சொல்வேன், அதோடு நிறுத்த மாட்டேன், கையெழுத்துப் போட்டவளின் அம்மா என்றும் சொல்வேன். வேறு யாரோ கண்டுபிடித்து உன்னை அசிங்கப்படுத்துவதற்கு நான் விடமாட்டேன், செய்வதானால் நானே செய்வேன். ஆனால் அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருக்கும், அதை மட்டும் நினைத்துப் பார். அதற்கு முன்னால் நீயே நகராட்சிக்கு ஒரு வரி எழுதிவிடு. அந்தக் கட்டங்கள் பார்க்கப்படாதவை, பூஜ்யம் தவறு, மழையில் பார்த்த பிறகே முடிவு சொல்ல முடியும். அவ்வளவுதான். நீ எழுதிவிட்டால் நான் கூட்டத்தில் எழுந்து அதையே வாசித்துவிட்டு, இது என் பெண் எழுதியது என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். வேலைக்கு ஆபத்து என்பாய். இருக்கலாம், இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். சுவர் பூசிய அறை காலியாகத்தான் இருக்கிறது, மழைக்காலத்தில் பள்ளத்தில் இறங்க எனக்கும் ஒரு ஆள் வேண்டும், கால் உடையாத ஆள்.

உன் ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. காலையில் எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொள், நீ ஒன்றும் கோடைத் தவளை இல்லை. எத்தனை கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும், இது அம்மா ஆசீர்வாதம், அப்பா வாயைத் திறக்காவிட்டாலும் அவருடையதும் இதுதான். தலைப்பிரட்டைக்கு வால் ஒருநாள் தானாக மறைந்துவிடும், உனக்கும் மறையும் என்று காத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன்னால் எனக்குப் பதில் வந்தாக வேண்டும். பார்த்தேன் என்றால் பார்த்தேன் என்று எழுது. பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுது. எதுவானாலும் உன் கையால் எழுது, என்னிடம் மட்டும் கோடு போட்டுவிடாதே.

கோபம் ஆறாத,
உன் அம்மா