நூறு வீட்டுச் சட்டை

தோங்குவான் ஆலை நகரம்

கப்பல் பட்டறையில் இருக்கும் உனக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. நூறு வீட்டுப் பழந்துணியில் சட்டை தைத்துப் போட்டால் நோய் அண்டாது, அதைப் போட்டுத்தான் ஊருக்கு ரயிலேற்ற வேண்டும் என்று உன் அம்மா சொன்னார்கள் அல்லவா? எங்கள் தொழிலாளர் குடியிருப்புக் கட்டடம் முழுக்கக் கதவு தட்டினேன். எல்லோரும் கிழிந்த கம்பெனிச் சீருடையைத்தான் தந்தார்கள். இங்கே யாரிடம் வேறு பழந்துணி இருக்கிறது?

வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்தேன். முன்னும் பின்னும் ஒரே நீலம். யாருடைய வேலை எண்ணோ அழியாமல் பாப்பாவின் நெஞ்சில் வந்து விழுந்துவிட்டது.

எதிர்வீட்டு ருய்ஹுவா அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏண்டி, பல்லே முளைக்கல, அதுக்குள்ள வேலைக்குச் சேத்துட்டியா? ஓவர்டைம் உண்டா?"

நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. இதைப் போடுவது நல்லதா, கெட்டதா? நம்மைப் பிழிந்த துணி இவளை எப்படிக் காப்பாற்றும்? ஆனால் கொடுத்தவர்கள் எல்லாரும் மனசாரத்தான் கொடுத்தார்கள். போட்டுவிட்டதும் நன்றாகத் தூங்கினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பாப்பா ஊரில் வளர்வதுதான் நல்லது என்கிறாய். நானும் சரி என்றேன்.

சனிக்கிழமை உன் அம்மா வருகிறார்கள். சட்டையைக் கொடுத்துவிடுவேன். பிள்ளையைக் கொடுப்பேனா, தெரியவில்லை.

உன் மகளின் அம்மா