காணாமல் போன வரப்பு

தம்பிக்கு,

பெருந்தொற்று நிவாரணம் வந்துவிட்டது. உன் நிலத்துக்கும் சேர்த்து என் பெயரிலேயே போட்டுவிட்டார்கள். நீ குதிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நான் அதைத் தொடவில்லை. வேளாண்மை ஆபீசில் கேட்டதற்கு, "மேலேருந்து எடுத்த படத்துல ரெண்டும் ஒரே வயலாத்தான் தெரியுதுங்க. வரப்பை வெட்டிக் காட்டுங்க, பிரிச்சுத் தர்றோம்" என்றார்கள்.

விடியற்காலையில் மண்வெட்டியோடு போனேன். ஊரடங்கில் நாம் இருவருமே உழாத நிலம். இடுப்பளவு புல் பூத்துப் பனியில் மிதந்தது. எந்த வரப்புக்காக ஆறு வருஷமாக நீ என் வாசலை மிதிக்கவில்லையோ, அதைக் காணவில்லை. தூக்கத்தில் நடப்பவன்போல வெயில் ஏறும்வரை நடந்தேன். எங்கே உன் நிலத்துக்குள் நுழைந்தேன் என்று காலுக்குத் தெரியவில்லை.

இடத்தைக் காட்ட நீதான் வர வேண்டும்.

வரும்போது மண்வெட்டி மட்டும் கொண்டு வராதே.

அண்ணன்