மாலையில் இலை மடிக்கும் கடலை

வேங்கிக்கால்,
பிப்ரவரி 8

அன்புள்ள மாறனுக்கு,

நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணி எழுதுகிறேன். சுகமில்லாதது கீழ்பென்னாத்தூரில் நாம் போட்ட கடலைதான். போனில் சொன்னால், கேமராவுலயே தெரியுதேம்மா, வாடிக் கெடக்குதுன்னு என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பொங்கலுக்கு வந்தவன் நிலத்தில் கேமராவும், போனிலிருந்தே மோட்டார் போடும் கருவியும் மாட்டிவிட்டு டொரண்டோ போய்விட்டாய். உனக்குக் காலை எட்டு என்றால் இங்கே மாலை ஆறரை. எழுந்ததும் பார்க்கிறாய், இலை மடிந்திருக்கிறது, உடனே மோட்டார். மூன்று வாரமாகத் தினமும் இதேதான். நேற்றுக் களையெடுக்க வந்த பச்சையம்மாள் கடலையைக் காட்டி, இன்னாமா, மல்லாட்ட போட்டுகிறீங்களா, நெல்லு நட்டுகிறீங்களான்னு கேட்டுவிட்டு ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். தூரில் கறுப்பு ஏறியிருக்கிறது. பூவிட்டு விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம், இன்னும் ஒரு வாரம் இப்படி ஊறினால் அழித்து உழ வேண்டியதுதான்.

கல்லூரியில் இருபது வருடம் தாவரவியல் நடத்தியவளின் மகனுக்கு இதை எழுதுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கடலை இலை மாலையில் வாடுவதில்லை, மடிகிறது. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சின்ன வீக்கம் போல ஒரு மூட்டு உண்டு. அதிலுள்ள செல்களின் சுவர் மெல்லியது, வளைந்துகொடுக்கும், உள்ளே பெரும்பாகம் நீர். பொழுது சாயும்போது மேல்பக்கத்துச் செல்களிலிருந்து உப்புச் சத்தும் பின்னாலேயே நீரும் வெளியேறி அவை சுருங்கும், கீழ்ப்பக்கத்தவை புடைக்கும், இலைகள் ஜோடி ஜோடியாக மேல்நோக்கி ஒட்டிக்கொள்ளும். விடியும்போது இது தலைகீழாகி இலை மறுபடி விரியும். வாடிய இலை துவண்டு தொங்கும், இது விறைப்பாக நிற்கும். கேமராவில் காலை ஒன்பது மணிப் பதிவும் இருக்குமே, அதை ஒருநாளாவது பார்த்தாயா?

அப்பாவிடமும் கத்திப் பார்த்தேன். ஆபீஸ் விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்துவிடுகிறார். தண்ணி ஜாஸ்தின்னு எனக்கும் தெரியும் அருணா, ஆனா மோட்டார் ஓடுச்சுன்னா புள்ள எழுந்துட்டான், நல்லா இருக்கான்னு அர்த்தம், நிறுத்தச் சொல்லி அவனை ஏன் சங்கடப்படுத்தணும் என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. இன்று காலை நானே போய் மோட்டாரின் பீஸ் கட்டையைப் பிடுங்கி வந்துவிட்டேன், என் கைப்பையில் இருக்கிறது. மண் காயும்வரை தரமாட்டேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணாமலையார் துணை என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே: எட்டு மணிக்கு எழுந்ததும் அவருக்குப் போன் செய். கொட்டகையில் இனி மோட்டார் சத்தம் வராது, அவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
அம்மா அருணாதேவி