ரெஜினாவுக்கு என்ன சொல்ல?

சேசு மரி சூசை
மைசூர், 10-2-1975

அன்புள்ள அம்மாவுக்கு ஜெசிந்தா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலியும் அய்யாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

நர்ஸ் படிப்புக்கு நடுவே, ஞாயிறு பூசை முடிந்ததும் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரச் சொன்னார் சாமியார். நேற்று, ஆண்டவர் கூப்பிட்டதும் பதில் கொடுத்த சிறுவன் சாமுவேலின் கதையைச் சொல்லி, "கண்ணை மூடிச் சும்மா இருங்கள், உங்களிடமும் பேசுவார்" என்றேன். நானும் மூடிக்கொண்டேன். பிறகு கேட்டால், ஒருவனிடம் பொய் சொல்லாதே என்றாராம், இன்னொருவனிடம் பாடத்தைப் படி என்றாராம். எல்லாம் வீட்டில் அம்மாக்கள் சொல்வதுதான். சிரிப்பு வந்தது.

ரெஜினா என்ற சின்னப் பெண் மட்டும், "உங்க டீச்சர் ஏன் அழறாங்கன்னு கேட்டார்" என்றாள். அதுவும் கன்னடத்தில் கேட்டாராம். நான் அழவே இல்லை அம்மா. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாயா என்றால், "நீங்கதானே மூடச் சொன்னீங்க" என்கிறாள். பொய் சொல்கிற பிள்ளையும் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சூசை மாமா கொள்ளேகால் பஸ்ஸில் வரும்போது கொள்ளுப்பொடி கொடுத்தனுப்புங்கள். நீங்கள் கட்டின பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

டியூட்டிக்கு மணி அடித்துவிட்டது. ரெஜினா போகும்போது, "ஆண்டவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும் டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றிருக்கிறேன். அதற்குள் நீங்கள் கடிதம் போடுங்கள்.

உங்கள் மகள்
ஜெசிந்தா