மேயரும் புதிதாக வந்த இருவரும்

பிப்ரவரி 3, செவ்வாய்

மழை இன்னும் வரவில்லை. வானம் மட்டும் ஒரு வாரமாகக் கறுத்துக்கொண்டு நிற்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.

கோரலி சனிக்கிழமை வருகிறாள். விருந்தாளியாக இல்லை, என்னோடு குடியிருக்க. அறுபத்துமூன்று வயதில் எனக்கு இப்படியொரு யோகம் அடிக்கும் என்று நானே நினைக்கவில்லை. பல வருடம் தனியாகவே இருந்த வீடு. அவளுக்காக இன்று படுக்கையறை டிராயர் ஒன்றில் பாதியைக் காலி செய்தேன். செய்துவிட்டு என் தாராள மனதை நானே மெச்சிக்கொண்டு ஒரு பீர் குடித்தேன்.

பக்கத்து வீட்டு கெராட் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினான். "பாதி டிராயரா? யோவ் மெர்வின், அவ குடித்தனம் பண்ண வர்றாளா, பல்லு தேச்சுட்டுப் போக வர்றாளா?"

அவனுக்குப் பொறாமை.

பிப்ரவரி 7, சனி

வந்துவிட்டாள். மக்காய் ஊரிலிருந்து காலையில் கிளம்பி நேராக எங்கள் ஊர் இங்கத்துக்கு. பின்சீட்டு முழுக்க அட்டைப்பெட்டிகள். முன்சீட்டில் பெல்ட் போட்ட ஒரு ஐஸ்பெட்டி. பீர் வாங்கி வந்திருக்கிறாள் என்று ஆசையாகத் திறந்தேன். உள்ளே பையில் தண்ணீர், தண்ணீரில் இரண்டு ஏஞ்சல் மீன்கள். பெண் பெரில், ஆண் ஸ்டான். ஆறு வருடமாக ஜோடி. உள்ளங்கை அகல உடம்பு, கீழே தொங்கும் நீண்ட இழைகள். நீந்துகிற மாதிரியே இல்லை, காற்றில் திரைச்சீலை அசைகிற மாதிரி இருந்தது.

என் வீட்டில்தான் ஐந்தடித் தொட்டி இருக்கிறதே என்று அவள் தன்னுடையதை விற்றுவிட்டாள். தொட்டியில் ஏற்கெனவே மேயர் இருக்கிறார். எங்கள் ஓடைகளில் கிடைக்கும் பெர்ச் மீன். நான்கு வருடம் முன்பு வெள்ளம் வடிந்தபின், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் ரயில் பாதையோரம் டயர் தடத்தில் தேங்கிய தண்ணீரில், சுண்டுவிரல் நீளத்தில் துடித்துக்கொண்டிருந்தார். தொப்பியில் அள்ளி வந்தேன். இப்போது என் கையளவு. உடம்பெல்லாம் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, சாக்கடை பார்வையிட வந்த மேயர் போலக் கண்ணாடியோரம் மெல்லப் போவார். நான் எதிரில் போய் நின்றால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவார்.

கெராடும் மீன் வளர்ப்பவன். அவன் தொட்டியில் ஆப்பிரிக்க மீன்கள், தினமும் அடிதடி. யோசனை சொல்ல வந்துவிட்டான். "புதுசா விடறதுக்கு முன்னாடி கல்லு, கட்டை எல்லாத்தையும் இடம் மாத்தி வை. பழையவனுக்கும் இடம் புதுசாத் தெரியணும். எது தன்னுதுன்னு அவனுக்கே குழம்பிப் போச்சுன்னா சண்டைக்கு வரமாட்டான்."

"நாலு வருஷமா அவரு அந்தக் கட்டைக்கடியிலதான் இருக்காரு. வர்றவங்கதான்பா அனுசரிச்சுப் போகணும்" என்றேன். "இது நம்மூரு மீன். வெளியூரு ரவுடி இல்ல."

கோரலி ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று கேட்டபடி நின்றாள். பின்னறையைக் காட்டினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தொட்டியில் முழு அமைதி. கெராடிடம் வேண்டுமென்றே இரண்டு தடவை சொன்னேன்.

பிப்ரவரி 14, சனி

பெரிலின் வால் கிழிந்திருக்கிறது. கீழே தொங்கும் இழை ஒன்றில் பாதியைக் காணோம்.

தீர விசாரித்தேன். அதாவது, தொட்டி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். மேயர் என்னையே பார்த்துக்கொண்டு வால் ஆட்டினார். ஸ்டான் மட்டும் பெரிலுக்கு முன்னால் குறுக்கே போய்க் குறுக்கே போய் வந்தான். முடிவு கிடைத்துவிட்டது. "இது புருஷன் பொண்டாட்டி சண்டை" என்று கோரலியிடம் சொன்னேன்.

"ஆறு வருஷமா அவங்க அடிச்சுக்கிட்டதே இல்லையே."

"இடம் மாறினா சிலருக்குச் சுபாவமும் மாறும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் இருந்ததைக் கிளறப் போய்விட்டாள்.

காதலர் தினத்தன்று இதைச் சொன்னேன் என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஸ்டானைச் சிறை வைத்தேன். மக்ரோனி வடிக்கும் பிளாஸ்டிக் ஓட்டைக் கிண்ணத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அதற்குள் அவன். தண்ணீர் போய் வரும், அவன் வர முடியாது. கோரலியின் கிண்ணம்தான். அவள் பெட்டிகளிலிருந்து இதுவரை சமையலறைக்கு வந்த ஒரே சாமான் அதுதான், அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

இன்றிரவு மக்ரோனியை மூடியால் வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஸ்டான் உள்ளே இருக்கிறான். பெரிலின் முதுகுத் துடுப்பும் போய்விட்டது. அப்படியென்றால் ஸ்டான் இல்லை.

தண்ணீரை இழுக்கும் பில்டர் குழாய்தான் காரணம் என்று அதன் வாயில் ஸ்பாஞ்சைக் கட்டினேன். பிறகு தொட்டியில் பாசி தின்னும் நத்தை மேல் சந்தேகம் வந்தது. நத்தையை எடுத்துத் தனி டம்ளரில் போட்டேன். ஸ்டானை விடுதலை செய்யத் தோன்றவில்லை. இருக்கட்டும், முன்னெச்சரிக்கை.

கெராட் வந்து பார்த்தான். கிண்ணத்தில் ஸ்டான், டம்ளரில் நத்தை. "ஊர்ல இருக்கிற எல்லாரையும் உள்ள தூக்கிப் போட்டுட்டே. வெளியில திரியறவன் ஒருத்தன்தான்யா பாக்கி."

மேயர் அப்போது என்னைப் பார்த்து வால் ஆட்டிக்கொண்டிருந்தார். இந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் குற்றம் செய்ய முடியுமா?

இன்னொன்று. மத்தியானம் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தால் கோரலி வராந்தாவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான். லேசாக ஒருமுறை இருமியிருக்கலாம். அவளே எழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கோரலியின் மக்காய் வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறது. விடலாமா வேண்டாமா என்று ஏஜென்ட் போன் செய்தான். பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "கொஞ்ச நாள் பொறுத்துச் சொல்றேனே" என்றாள்.

விட்டுவிட்டால் இங்கேயே இருக்கப் போகிறாள் என்று அர்த்தம். விடாவிட்டால்?

ஏன் பொறுக்க வேண்டும்? இங்கே அவளுக்கு என்ன குறை?

பிப்ரவரி 28, சனி

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

மழைக்கு முன் கூரையோரத் தகர வாய்க்காலில் மாவிலை அள்ளலாம் என்று ஏணி போட்டு ஏறினேன். ஏணிக்கு நேராக வராந்தா ஜன்னல். கண்ணாடிப் பட்டைகள் திறந்திருந்தன. தொட்டி பக்கவாட்டில் தெரிந்தது. மேயருக்கு நான் இருப்பது தெரியாது.

கட்டைக்கு அடியிலிருந்து வந்தார். வால் ஆட்டவில்லை, வேடிக்கை பார்க்கவில்லை. நான் முப்பது வருடம் ஓட்டிய கரும்பு ரயில் மாதிரி நேர்கோட்டில் போய் பெரிலின் விலாவில் ஒரு கடி. திரும்பினார். இன்னொரு கடி. கிண்ணத்துக்குள் இருந்த ஸ்டான் ஓட்டைகளில் மோதி மோதித் தவித்தான். அன்றைக்கு அவன் குறுக்கே குறுக்கே போனது அடிக்கவா? மறைக்க, அவளை மறைக்க! அவனைத்தான் பிடித்து உள்ளே போட்டிருக்கிறேன். பெரில் தொட்டி மூலையில், பில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் போய் ஒடுங்கினாள். இவ்வளவு பெரிய தொட்டியில் அவளுக்குக் கிடைத்தது அந்த இடுக்குதான்.

ஏணியில் நின்றபடியே கத்தப் போனேன். அதற்குள் கோரலி டீயோடு வராந்தாவுக்கு வந்தாள். என் நாற்காலி காலியாக இருந்தது. பார்த்தாள். நான் வெளியே இருக்கிறேன், இருமுவதற்கு ஆளில்லை. அப்படியும் உட்காரவில்லை. செருப்பு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே கிடந்த பால்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, டீயை முழங்காலில் வைத்துக்கொண்டாள். மேஜையில் என் பேப்பர் விரிந்து கிடந்தது.

ச்சே. என்ன மனுஷன்டா நீ மெர்வின். கண்ணு ரெண்டும் எதுக்கு வச்சிருக்கே? மூணு வாரமா அவ எங்க உக்காந்து டீ குடிக்கிறான்னு ஒருநாளாவது பாத்தியா?

இறங்கிவிட்டேன். மாவிலை அப்படியே கிடக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

ஸ்டானை விடுவித்தேன். நத்தையையும். இப்போது கிண்ணத்துக்குள் மேயர், உடம்பு கொள்ளாமல் வளைந்துகொண்டு.

கோரலியிடம் சொன்னேன். "மேயருதான் கடிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"வந்த ரெண்டு மூணு நாள்லயே."

"சொல்லியிருக்கலாமே!"

"உன் வீடு, உன் மீனு. வந்தவதானே அனுசரிச்சுப் போகணும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மக்காய் போகிறாள். வீட்டை நேரில் பார்த்துவிட்டு ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். "பெரில் இப்ப இருக்கிற நெலமைல அவ்ளோ தூரம் தாங்க மாட்டா. இவங்க இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம வர்றேன்." இருக்க வருகிறாளா, மீனை எடுத்துப் போக வருகிறாளா? கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மார்ச் 3, செவ்வாய்

கோரலி போய்விட்டாள். பெட்டிகளை எடுத்துப் போகவில்லை. ஆனால் பிரிக்கவும் இல்லை. கிண்ணம் இருந்த ஒன்றைத் தவிர எல்லாம் வந்த டேப்போடு அப்படியே இருக்கின்றன. எதை எங்கே வைப்பாள்? பாதி டிராயரிலா?

கெராட் சொன்ன வைத்தியத்தைச் செய்தோம். கல், கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி, மேயரை வெளியே விட்டோம். பேர் தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினவர் போல் முழித்தார். மத்தியானம் வரை நல்லவராக இருந்தார். அப்புறம் பெரிலைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அன்னைக்கே பண்ணியிருந்தாலும் இவன் சுபாவத்துக்கு அது எவ்வளவு நாள் தாங்கியிருக்குமோ" என்றான் கெராட். "சில பேரு சேர்ந்து இருக்க லாயக்கில்லய்யா. தனியா வச்சாத்தான் நல்லா இருப்பாங்க."

மீனைத்தான் சொன்னான். என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

மார்ச் 4, புதன்

வளர்த்த மீனை ஓடையில் விட இங்கே சட்டம் இடம் கொடுக்காது. தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய வீடு இது; அடியில் கிடந்த பழைய குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேயரை அங்கே மாற்றினேன். துள்ளிக் குதிக்கிற ஜாதி, அதனால் மேலே கோழிவலை. ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஊர்வலம் தொடங்கினார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஊர்தான் சின்னதாகிவிட்டது.

மாலையில் மழை கொட்டியது. அள்ளாத மாவிலை அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசலில் அருவியாக விழுந்தது.

மார்ச் 5, வியாழன்

காலையில் வராந்தாவில் என் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். என் மேஜை. என் கப் மாட்டுகிற கொக்கி. ரெண்டாவது கொக்கியில் அவள் கப்பை மாட்டினபோது எடுத்து ஓரமாக வைத்தவன் நான்தான். ஏன் வைத்தேன்? அந்தக் கொக்கியில் எதுவுமே மாட்டுவதில்லையே.

மீனுக்குக் கல்லை மாற்றி வைத்தோம். கட்டைக்கடியிலிருந்து நகராத பெரிய மீன் இன்னொன்று இருக்கிறது. அதற்கு யார் மாற்றுவது?

கெராடைக் கூப்பிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

நேற்றும் இன்றும் வீட்டையே புரட்டிப் போட்டோம். சாப்பாட்டு மேஜை ஜன்னலோரம். அலமாரி எதிர்ச் சுவருக்கு. சமையலறை சாமான் எல்லாம் வேறு தட்டில். டிராயர்கள் அத்தனையும் காலி, என்னுடைய துணியும் படுக்கை மேல் குவிந்து கிடக்கிறது. பங்கு பிரிக்கவில்லை. நான் பிரித்தால் மறுபடியும் பாதி டிராயர்தான் வரும்.

என் நாற்காலியைப் படியிறக்கி மேயர் பக்கத்தில் போட்டோம். கெராட் குஷனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த வருஷத்து பிஸ்கட்டுய்யா?" என்றான்.

நாற்காலி கீழே போனபின் இரண்டு தடவை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு நாற்காலிக்கா? ஆமாம், ஒரு நாற்காலிக்குத்தான். வெட்கங்கெட்ட ஜென்மம்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்று மணிக்குக் கார் வந்தது. முன்சீட்டில் ஐஸ்பெட்டி, பெல்ட் போட்டு. அதைப் பார்த்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை.

படியேறி உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "வீடு மாறி வந்துட்டேனா?"

"கெராடோட வைத்தியம்" என்றேன். "அங்க பலிக்கல. அதான் இங்க..."

"உன் நாற்காலி எங்க?"

"கீழ. மேயருக்குத் துணையா."

"அப்ப நீ எங்க உக்காருவே?"

"தெரியல. நீ மொதல்ல உக்காரு. மிச்சம் இருக்கிற எடத்துல நான் உக்காந்துக்கறேன்."

சிரிக்கவில்லை. தொட்டி பக்கம் போனாள். பெரில் இடுக்கை விட்டு வெளியே, நடுவில், ஸ்டானோடு நின்றிருந்தாள். கோரலி குனிந்து இருவரையும் பார்த்தாள். பிறகு ஒரு சாதாரண நாற்காலியை இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அங்கே போட்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், இங்கே போட்டாள். கடைசியில் தெற்கு ஜன்னலுக்கும் வராந்தாக் கதவுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க காத்து வருது, மெர்வின்."

போய்ப் பக்கத்தில் நின்றேன். வருகிறது. ஜில்லென்று, ஓடைப் பக்கத்திலிருந்து. இத்தனை கோடை இந்த வீட்டில் வெந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

ஐஸ்பெட்டி எதற்கு, மீனை எடுத்துப் போகவா என்று கேட்கப் பயந்துகொண்டே கேட்டேன். "உனக்கு பீர் வாங்கிட்டு வரத்தான். வழியில ஒரு கடையும் தொறந்தில்ல" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் புது இடத்து மேஜையில் நான் முழங்காலை இடித்துக்கொண்டேன். மத்தியானம் அதே மேஜையில் அவளும். அவள் திட்டினது என்னுடையதை விட மோசமான வார்த்தை.

மார்ச் 17, செவ்வாய்

பெரிலுக்குத் துடுப்பு வளர்கிறது. புதிதாக வந்த ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கிறது, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். டின் திறப்பான் எங்கே என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பட்டாணி டின்னை கெராட் வீட்டுக்கு எடுத்துப் போய்த் திறந்து வந்தேன்.

நாளை குப்பை வண்டி வரும் நாள். மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டி மூடமாட்டேன் என்கிறது. அத்தனையும் மக்காயிலிருந்து வந்து, பிரித்துக் காலியான அட்டைப்பெட்டிகள். நான் உள்ளே ஏறி மிதித்தேன். வெளியே நின்றபடி கோரலி கடைசிப் பெட்டியையும் என் கையில் கொடுத்தாள்.