படுக்கையைத் தின்ற குதிரை

அம்மருட், ஒஸ்லோ
22.10.2006

அன்புள்ள செல்வமலருக்கு,

நானும் பிள்ளை ராகவியும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீரும் ஐயாவும் நலம் என்று நீர் எழுதுவதற்காகக் காத்திருக்கிறோம். உமக்கு முன்னதாக இதைப் பிரித்து வாசிக்கக்கூடியவர்களுக்கும் என் வணக்கம். இக்கடிதம் முழுவதும் வைக்கோலைப் பற்றியது. அதற்குள் வேறொன்றும் ஒளித்து வைக்கவில்லை. உதறிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டி அனுப்பினால் போதும்.

உமது ஐயாவின் கண் ஒப்பரேசனுக்கு மூன்று கிழமை லீவில் போன நீர், கொழும்புக்கு வருகிற பாதையைப் பூட்டியதால் மூன்றாவது மாதமாக யாழ்ப்பாணத்தில் நிற்கிறீர். உமது வேலையிடத்தில் கேட்கிறார்கள். நிற்கிறா, வருவா என்கிறேன். ஐயாவுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று ரெலிபோன் கடைசியாக வேலை செய்த அன்று சொன்னீர். இந்தக் காலத்தில் அங்கே தெளிவாகத் தெரிவது நல்லதா என்று கேட்க வாயெடுத்தேன். லைன் அறுந்துவிட்டது.

ராகவி பள்ளிக்கூடம் விட்டதும் பையை வாசலில் எறிந்துவிட்டுக் காட்டோரத்துக் குதிரை லாயத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே அவள் பராமரிக்கிற பிளாக்கன் குதிரையை உமக்குத் தெரியும். இந்த நாட்டு மேற்குக் கடலோரச் சாதி, கட்டைக் கால், தின்பதில் சோர்வே இல்லாதது. வீட்டில் நின்றால் குளிர்ப்பெட்டியைத் திறக்கிறாள், ஒன்றும் எடுக்காமல் மூடுகிறாள், ஜன்னலடிக்குப் போகிறாள், திரும்பி வந்து மறுபடி திறக்கிறாள். நான் அவிக்கும் புட்டைப் பற்றிக்கூட அவள் குறை சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உம்மைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இனி வைக்கோல். லாயத்தில் இதுவரை குதிரைகளுக்குக் கீழே மரச்சீவல்தான் போட்டு வந்தார்கள். இந்தக் குளிர்காலத்துக்கு அதையே போடுவதா, வைக்கோலுக்கு மாறுவதா என்று பெற்றோர் எல்லாரும் கூடி மூன்று முறை பேசினோம். ஒவ்வொரு கட்சியும் மற்றக் கட்சியின் மனவருத்தத்தைப் புரிந்துகொள்வதாகச் சொன்னது. இந்த நாட்டவர்கள், யாரையும் ஒரு மேசையில் இருத்திக் கோப்பி கொடுத்தால் எதையும் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர்கள். மரச்சீவல் விஷயத்தில் அது உண்மையாகிவிட்டது. வைக்கோல் வென்றது.

அதைப் பார்த்து வாங்கி வருவது சிரமதானம் மாதிரி, கூலியில்லாத பொதுவேலை. லாயத்துக்குப் பொறுப்பான மக்டலீன் என்ற மனுஷி நேரே என்னைப் பார்த்து, நீங்கள் விவசாய நாட்டிலிருந்து வந்தவர், உங்களுக்கு இது கைவந்த வேலை என்றார். நான் வண்ணார்பண்ணையில் கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து, சங்கக்கடையில் கணக்கெழுதி, இங்கே பஸ் கழுவுகிறவன். எங்கள் வீட்டுக்குப் பால் போத்தலில் வந்தது. ஆனாலும் அன்றைக்கு ராகவி பக்கத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

வயல் செய்து வைக்கோல் விற்கிற கமக்காரனின் கொட்டிலில் இரண்டு வகை இருந்தது. ஒன்று கோதுமை வைக்கோல், முரடு. மற்றது ஓட்ஸ் வைக்கோல், மெதுவானது, இனிப்பான வாசம். உமது ஐயா மாட்டுக்கு வைக்கோல் வாங்கும்போது ஒரு பிடி உருவி மணந்து, கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பாரே, அது எனக்கு நினைவு வந்தது. இரண்டையும் கடித்தேன். உடன் வந்த ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். கோதுமையைத் துப்பிவிட்டு ஓட்ஸைக் காட்டினேன். குதிரைக்கா, மாட்டுக்கா என்று கமக்காரன் கேட்டான். நல்லது யாருக்கும் நல்லதுதான் என்றேன். அவன் கட்டுகளை ஏற்றத் தொடங்கினான்.

ஐயாவிடம் சொல்லும், அவருடைய முறை பிழையற்றது. நான் தெரிந்தெடுத்தது அவ்வளவு ருசியான வைக்கோல். மாலையில் முழங்காலளவு பரப்பினோம். காலையில் லாயத்துச் சீமெந்துத் தரை நக்கித் துடைத்ததுபோல் கிடந்தது. மக்டலீன் கள்ளர் வந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். கள்ளர் உள்ளேதான் நின்றார்கள், மென்றபடி.

நம்மூரில் வைக்கோல் மாட்டின் சோறு. இங்கே அது குதிரையின் பாய். பாயை வாங்கும்போது அதைக் கடித்துப் பார்க்கக் கூடாது என்பதை நாற்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. கோப்பி தந்தார்கள். இந்த நாட்டில் கேட்காமலே இரண்டாம் கோப்பை தந்தால் விஷயம் பாரதூரமானது.

மற்றக் குதிரைகள் ஏப்பம் விட்டதோடு சரி. பிளாக்கனுக்குத்தான் குடல் அடைத்துவிட்டது. அது நிலத்தைக் காலால் சுரண்டியது, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. மிருக வைத்தியர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். படுத்து உருள விடாதேயுங்கள், நடத்திக்கொண்டே இருங்கள், லத்தி விழுந்தால் தப்பும், விழாவிட்டால் முடிவெடுக்க வேண்டும் என்றார். என்ன முடிவென்று ராகவி கேட்கவில்லை. முகம் மட்டும் கல்லாகிவிட்டது. அப்பா, நீங்கள் கடிச்சுப் பார்த்து வாங்கினது சாப்பாடே, படுக்கையே என்றாள். பிறகு கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்தத் தொடங்கினாள்.

போன கிழமை, சனிக்கிழமை பின்னேரம் முழுவதும் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். நடுவில் குதிரை, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். நின்றால் அது படுக்கப் பார்க்கிறது. ஆகவே நிற்க முடியாது. உண்மையைச் சொன்னால், நீர் போன நாளிலிருந்து எனக்கும் நடப்பதுதான் சுகமாக இருக்கிறது.

எத்தனையாவது சுற்றோ, குதிரையின் கழுத்துக்கு அங்காலிருந்து அவள் குரல் வந்தது. குதிரைகள் நின்றபடியே கண்ணயருமாம், ஆனால் அது முழு நித்திரை இல்லையாம். இடத்தை நம்பினால்தான் படுக்குமாம். அதுக்குத்தான் கீழை தடிப்பாய்ப் போடுறது என்றாள். பிறகு, அம்மா அங்கை படுக்கிறாவோ அப்பா என்று கேட்டாள். சில சத்தங்களைப் பற்றியும் கேட்டாள். இடிமுழக்கத்தைப் பற்றி என்று வைத்துக்கொள்வோம். அங்கே மாரி தொடங்குகிற காலம்தானே.

அம்மா நல்லாய்ப் படுத்து நித்திரை கொள்ளுறா என்றேன். உங்களுக்கு எப்பிடித் தெரியும், கடிச்சுப் பார்த்தனீங்களோ என்றாள்.

நல்ல வேளையாக பிளாக்கன் வாலைத் தூக்கியது. லாயமே ஓடி வந்து கை தட்டியது. மக்டலீன் என்னைக் கட்டிப் பிடித்தார். எந்தப் பரீட்சை முடிவுக்கும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை, எந்த முடிவும் அவ்வளவு ஆவி பறக்க வந்ததுமில்லை. ராகவி குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். நீர் போன பிறகு அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன். குதிரைக்காகத்தான் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இப்போது கோதுமை வைக்கோல் போட்டிருக்கிறது. கமக்காரன் நான் வரும்வரை காத்திருந்து, கடிக்கவில்லையா என்று கேட்டான். இந்தக் கிழமை முழுக்க ராகவி பள்ளிக்கூடத்துக்கு முன் லாயத்துக்கு ஓடினாள். குதிரை படுத்து எழும்பியிருந்தால் வாலிலோ பிடரியிலோ வைக்கோல் ஒட்டியிருக்குமாம். திங்கள், செவ்வாய் இல்லை. வெள்ளிக்கிழமைதான் இருந்தது. பிடரியிலிருந்து எடுத்த அந்தத் துரும்பை உமக்கு அனுப்பச் சொன்னாள். ஆகவே உள்ளே ஒன்றும் இல்லையென்று மேலே எழுதியது பிழை. பிரித்துப் பார்க்கிற ஐயாமார் மன்னிக்கவும். துரும்புதான். தயவுசெய்து அதை எறிந்துவிடாதேயுங்கள்.

மலர், கொழும்புக் கப்பலில் இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஐயாவையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நில்லும். அவர் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லுவார். அவருடைய முறைப்படி வைக்கோல் வாங்கி ஒரு குதிரை சாகப் பார்த்தது, இங்கே வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று சொல்லும். மானஸ்தர், வருவார்.

என் சொல்லைப் பிள்ளை நம்பவில்லை. உமது கையெழுத்தை நம்புவாள். இரவில் படுத்து நித்திரை கொள்கிறேன் என்று ஒரு வரி அவளுக்கு எழுதும். அது மெய்யாக இல்லாவிட்டால், முதலில் படுத்துவிட்டுப் பிறகு எழுதும்.

இங்கே நடந்துகொண்டிருக்கும்,
ஜெகதீஸ்வரன்