மூன்றாவது துளை

பங்குனி, செவ்வாய்க்கிழமை.

இன்று விற்ற ஒசிலோஸ்கோப்பைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மின்சாரத்தின் ஓட்டத்தைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பழைய பெட்டி இது. இரும்பு விலைக்கு எடுத்தது. உறை உதிர்ந்துபோன வயர்களை மாற்றி, தகர உடம்போடு, கசியும் கறண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயரைப் பொருத்த இரண்டு மாதம் பிடித்தது. தர்மபுரத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் தன் வீட்டு வகுப்புக்குக் கேட்டார். இன்று அங்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் பெட்டியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தார்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள்போல முகமெல்லாம் பச்சை. நானும் மயங்கித்தான் நின்றேன்.

பிறகுதான் புத்தி வந்தது. மெயினை நிறுத்தி, சுவர்ப் பிளக்கின் மூடியைக் கழற்றினேன். எர்த்துக்கான மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. பெட்டிக்குள் ஏதும் பழுதானால் கறண்ட் அந்தக் கன்னங்கள் வழியாகத்தான் இறங்கும்.

"டீச்சர், உந்தத் துளையை வடிவுக்கோ வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கினேன்.

"அதை வயரிங் செய்தவரைக் கேளுங்கோ. வித்த சாமானைத் திருப்பித் தூக்கிற யாவாரியை இண்டைக்குத்தான் காணுறன் அண்ணை!"

என் பெட்டியில் பிழையில்லை. காசை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அந்தக் கன்னங்களைப் பார்த்திராவிட்டால் வந்திருப்பேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டியின் பச்சை வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். கோடு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது. கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் புறப்படுமுன் டீச்சரோடு பேசியது பேசியதுதான். விலை இருபத்தையாயிரம். வெள்ளிக்கிழமை அவருடைய வீட்டு வளவு மண்ணில் எர்த் கம்பி அடித்து, துளைக்கு வயர் இழுத்துக் கொடுப்பது என் செலவு. காய்ந்த மண்ணில் கறண்ட் சரியாக இறங்காது; நிலம் காயும் நாட்களில் கம்பியடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது டீச்சரின் பொறுப்பு.